எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்



சென்ற வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பயணி ஒருவர் விமானத்தின் ஜன்னல் வழியாக எடுத்தது. எஞ்சினின் மூடி பிய்ந்துபோய், உள்ளே தீ எரிந்துகொண்டிருக்கிறது. "நேற்று நடந்தது" என்று அதன்மேல் எழுதியிருந்தது. உண்மையில் அது 2021 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து ஹவாய்க்குக் கிளம்பிய போயிங் 777 விமானம். அதில் இருந்த 241 பேரும் காயமில்லாமல் இறங்கினார்கள். அந்தச் செய்தி மட்டும் வீடியோவோடு வரவில்லை.

வந்தது பயம்தான். மகளின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் முதல்முறையாக விமானம் ஏறப் போகும் என் அக்கா அன்று இரவே போன் செய்தார். "ஏண்டி, அம்புட்டுப் பெரிய விமானத்துல தீயை அணைக்க ஒண்ணுமே இருக்காதா? டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிரட்டுமா?" என்றார். ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஒருவன் வேறு மாதிரி கேட்டான். "பாட்டி, எஞ்சினுக்குள்ள எப்பவும் தீ எரிஞ்சுக்கிட்டேதானே இருக்கும்? அப்புறம் எதைத் தீப்பிடிச்சிருச்சுன்னு சொல்றாங்க?"

இரண்டுமே பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவள். விமானப் பொறியியல் படித்ததில்லை. ஆனால் என்னிடம் படித்த பையன் ஒருவன் இன்று விமானப் பராமரிப்பு ஹேங்கரில் வேலை பார்க்கிறான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனைப் போனில் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. அவற்றையும் படித்தேன். புரிந்ததை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பேரன் கேள்வியிலிருந்து தொடங்குவோம். அவன் சொன்னது சரிதான். ஜெட் எஞ்சினின் நடுவில் எரிகலன் என்று ஒரு பகுதி இருக்கிறது. முன்னால் உள்ள சுழலும் தகடுகள் காற்றை இழுத்து இறுக்கி அனுப்பும். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருள் அந்தக் காற்றில் பூந்தூறலாகத் தெளிக்கப்பட்டு, கிளம்பியது முதல் இறங்கும் வரை விடாமல் எரிகிறது. இது அடுப்புக்குள் எரியும் தீ. அது அணைந்தால்தான் விமானிக்குக் கவலை.

எரிகலனைச் சுற்றி எஞ்சினின் உலோக உடல் இருக்கிறது. அதற்கும் வெளியே, நாம் ஜன்னலில் பார்க்கும் பளபளப்பான மூடி. உடலுக்கும் மூடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் எரிபொருள் குழாய், ஆயில் குழாய், ஹைட்ராலிக் குழாய், ஜெனரேட்டர் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. விமான எரிபொருள் சுமார் 210 டிகிரி செல்சியஸ் சூட்டில் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். எஞ்சின் உடலின் சில பகுதிகள் அதைவிடச் சூடாக இருக்கும். ஒரு குழாயின் இணைப்பு தளர்ந்து எரிபொருள் அங்கே பட்டால் போதும், அடுப்புத் தீ கூரைக்கு வந்த கதைதான். இதைத்தான் எஞ்சினில் தீ என்கிறார்கள். கண்டுபிடிக்கும் கருவி, அணைக்கும் கருவி இரண்டும் இந்த இடைவெளியைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டவை.

அந்த இடத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பது? பெரும்பாலான பயணிகள் விமானங்களில் விமானி உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பி எஞ்சினைப் பார்க்க முடியாது. ஆகவே எஞ்சினைச் சுற்றி, ஆபத்து வரக்கூடிய இடங்களில், ஒரு மெல்லிய உலோகக் குழாயைக் கொடி போலப் படர விட்டிருக்கிறார்கள். பேனா ரீஃபிலைவிட மெலிசாக இருக்கும். அந்தக் குழாய்தான் காவல்காரன்.

இதில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. முதல் வகையில் குழாய்க்குள் பீங்கான் போன்ற ஒரு பொருளும் அதன் நடுவே கம்பியும் இருக்கும். சாதாரண வெப்பநிலையில் அந்தப் பொருள் மின்சாரத்தை எளிதில் விடாது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் மின்சாரம் பாய்ந்து செய்தி போய்விடும்.

இரண்டாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. குழாய்க்குள் ஹீலியம் வாயு அடைத்திருக்கும். நடுவில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் ஓர் உலோகத் தண்டு. இடைவெளி முழுவதும் அளவுக்கு மீறிச் சூடானால் ஹீலியம் விரிந்து அழுத்தம் கூடும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தீ நாக்கு பட்டால், அந்த இடத்தில் உள்ள தண்டு தன்னிடமிருக்கும் ஹைட்ரஜனை வெளியே விட்டு அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தம் கூடியதும் ஒரு சின்ன சுவிட்சு அழுந்தி மணி அடிக்கும். தீ அணைந்து குழாய் குளிர்ந்தால், தண்டு அந்த ஹைட்ரஜனைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் காவலுக்குத் தயாராகிவிடும். குழாயில் ஓட்டை விழுந்து ஹீலியம் கசிந்தால் இன்னொரு சுவிட்சு விலகி, "எனக்கே உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடும். வெப்பத்தால் வாயு விரியும் என்று நாம் பலூனையும் பாட்டிலையும் வைத்துப் படித்தோமே, அந்தப் பாடம்தான் ஆகாயத்தில் வேலை செய்கிறது.

மாணவனிடம், "இந்தக் குழாய்க்குப் பெரிய எதிரி யார்? தீயா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், உரசல்தான்" என்றான். எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருப்பதால், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்தால் அது உலோகத்தில் உரசி உரசித் தேய்ந்துவிடும். நசுங்கினாலும் வளைந்தாலும் பொய்த் தகவல் தரலாம். அதனால் கிளிப்புக்கு உள்ளே மெத்தை போல ஒரு புஷ் வைத்து, சோதனையின்போது அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள்.

பொய்த் தகவல் என்றதும் 'புலி வருது' கதை நினைவுக்கு வரும். காவல்காரன் இரண்டு முறை பொய்க் கூச்சல் போட்டால் மூன்றாவது முறை நிஜமாகவே புலி வரும்போது யாரும் வரமாட்டார்கள். விமானத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொய் மணியை நம்பினால் விமானி நல்ல எஞ்சினை அணைத்துவிடுவார். அதனால் ஒரே பாதையில் இரண்டு குழாய்களை ஓட விடுகிறார்கள். இரண்டும் 'தீ' என்று சொன்னால்தான் மணி அடிக்கும். ஒன்று மட்டும் சொன்னால் அடிக்காது. ஒன்று பழுதாகிவிட்டது என்று கணினிக்குத் தெரிந்தால், மற்றதன் சொல்லைத் தனியாகவே நம்பும்.

ஏர்பஸ் 320 வகையில் இன்னும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இரண்டு குழாய்களும் 5 விநாடிக்குள் அடுத்தடுத்து அறுந்துபோனால், அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளாமல் தீ என்றே எடுத்துக்கொள்கிறது கணினி. இரண்டு காவல்காரர்களும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போனால் அவர்களை ஏதோ தாக்கியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, மணி அடித்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிகிறது. விமானி என்ன செய்வார்?

ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டால், மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார். விமானத்தை மேலே எழுப்பி, குறைந்தது 400 அடி உயரம் வந்து, அது நிதானமாக ஏறுகிறது என்று உறுதி செய்த பிறகுதான் தீயின் பக்கம் கை போகும். கேட்கும்போது பதைக்கிறது, இல்லையா? காரணம் எளிது. எஞ்சின் தீயைத் தாங்க விமானத்துக்குச் சற்று நேரம் உண்டு. ஆனால் தரைக்குப் பக்கத்தில் விமானி கவனம் தவறினால் அந்த நேரம்கூடக் கிடைக்காது. இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை இழந்தாலும் மற்றொன்றில் ஏறிப் பறந்து இறங்க முடியும் என்று நிரூபித்த பிறகுதான் அதற்குப் பயணிகளை ஏற்றும் அனுமதியே கிடைக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஒண்ணு உபரியாத்தான் வச்சிருக்கான்" என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

அடுத்தது, எந்த எஞ்சின் என்று உறுதி செய்வது. தீப்பிடித்த எஞ்சினுக்கு உரிய கைப்பிடியிலேயே சிவப்பு விளக்கு எரியும். ஒரு விமானி அதைத் தொட்டுச் சொல்வார், மற்றவர் பார்த்து "சரி" என்பார். அதன்பிறகே இழுப்பார்கள். எந்த எஞ்சின் என்று மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு துயரமான பாடம் உண்டு. 1989 ஜனவரி 8 அன்று ஒரு போயிங் 737-இன் இடது எஞ்சினில் தகடு முறிந்து, அதிர்வும் புகையும் வந்தன. தீ மணி அடிக்கவில்லை. விமானிகள் வலது எஞ்சின் என்று நினைத்து நல்லதை அணைத்தார்கள். இறங்கும் நேரத்தில்தான் இடது எஞ்சினுக்கான தீ மணி அடித்தது. கெக்வொர்த் கிராமத்துக்கு அருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் விழுந்து, 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

இப்போது கைப்பிடியை இழுக்கிறார்கள். இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தவுடன் மருந்து பீய்ச்சிவிடும் என்று நான் நினைத்திருந்தேன், நீங்களும் நினைப்பீர்கள். அந்த இழுப்பில் ஒரு சொட்டு மருந்தும் வெளிவராது. போயிங் 737-இல் அந்த ஒரே இழுப்பில் நடப்பவை இவை: எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் அடைபடும். ஹைட்ராலிக் எண்ணெய் அடைபடும். எஞ்சினிலிருந்து விமானத்துக்கு வரும் சூடான காற்று அடைபடும். ஜெனரேட்டர் துண்டிக்கப்படும். தீக்கு எதெல்லாம் தீனியோ, எது பொறி தருமோ, அது எல்லாம் முதலில் நிற்கும்.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே. உலை பொங்கினால் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கமாட்டார்கள், விறகை வெளியே இழுப்பார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் விமானத்திலும் முதல் வேலை விறகை இழுப்பதுதான். பல நேரம் தீ அதிலேயே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால்தான் மருந்து. அது உருண்டையான உலோகக் குடுவையில், நைட்ரஜன் அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். பெயர் ஹாலான் 1301. போயிங் 737-இல் இரண்டு குடுவைகள், இரண்டு எஞ்சினுக்கும் பொது. ஏர்பஸ் 320-இல் ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியே இரண்டு. கைப்பிடியைத் திருப்பினால், அல்லது பொத்தானை அழுத்தினால், குடுவையின் வாயில் உள்ள ஒரு சின்ன வெடித் தோட்டா வெடித்து மூடியைக் கிழிக்கும். மருந்து மின்னல் வேகத்தில் அந்த இடைவெளியை நிரப்பும். அந்த இடத்துக் காற்றில் எல்லா மூலையிலும் குறைந்தது 6 சதவீதம் ஹாலான், அரை விநாடி நேரமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறை வைத்திருக்கும் அளவுகோல். அரை விநாடிதான்!

அது எப்படிப் போதும்? எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் சேர்ந்தால் தீ என்று உங்களுக்கு நடத்தினேன். எரியும் மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடி, காற்று தீர்ந்ததும் அணைவதைப் பார்த்தோம். தீக்கு நான்காவது ஒன்றும் வேண்டும், அது சங்கிலித் தொடர். எரியும்போது உடையும் மூலக்கூறுத் துண்டுகள் பக்கத்தில் உள்ளதை உடைக்க, அது அடுத்ததை உடைக்க, தீ தொடர்கிறது. நீங்கள் கை கோத்து ஓடிய சங்கிலி விளையாட்டு மாதிரி. ஹாலானில் உள்ள புரோமின் நடுவில் புகுந்து அந்தக் கைகளைப் பிரித்துவிடும். சங்கிலி அறுந்தால் சுடர் அணைந்துவிடும். ஆனால் ஹாலான் சூட்டைப் பெரிதாகக் குறைப்பதில்லை. சூடான உலோகத்தின்மேல் எரிபொருள் தொடர்ந்து ஒழுகினால் மறுபடியும் பற்றிக்கொள்ளும். விறகை முதலில் இழுக்கச் சொல்வது இதனால்தான்.

நிதானமும் இதில் ஒரு பகுதி. ஏர்பஸ் 320-இல், பறக்கும்போது எரிபொருளை அடைத்த பிறகு 10 விநாடி காத்திருந்துதான் முதல் குடுவையைத் திறக்க வேண்டும். எஞ்சினின் சுழற்சி குறைந்து காற்றோட்டம் தணிந்தால்தான் மருந்து தங்கும். திறந்த பிறகு 30 விநாடி விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அணையாவிட்டால் இரண்டாவது குடுவை. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது 30 விநாடி சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். அதற்காகத்தான் விமானிகளுக்கு மாதிரி காக்பிட்டில் உட்காரவைத்து மீண்டும் மீண்டும் பயிற்சி தருகிறார்கள்.

ஹாலானுக்கு ஒரு பழியும் உண்டு. அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும். 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்திலிருந்து புதிதாக உற்பத்தி செய்வது நின்றுவிட்டது. எஞ்சினுக்கு அதே அளவு எடை குறைவாகவும் திறமையாகவும் வேலை செய்யும் மாற்று எளிதில் அமையவில்லை. அதனால் பழைய ஹாலானைச் சேகரித்து, சுத்திகரித்துப் பயன்படுத்தி வருகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் அந்த டென்வர் விமானத்தில் ஏன் தீ அணையவில்லை? ஹாலான் மூடிய இடத்துக்கான மருந்து. அங்கே உலோகக் களைப்பால் ஒரு தகடு முறிந்து, மூடியே பிய்ந்து கீழே குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. திறந்த வெளியில் வாயு எங்கே தங்கும்? ஆனால் காவல் இத்தோடு முடிவதில்லை. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் நடுவே டைட்டானியம் அல்லது எஃகால் ஆன தீச்சுவர் உண்டு. தீத்தாங்கும் பகுதி என்று பெயர் பெற வேண்டுமானால் சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் தீயில் 15 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். விமானி அரை மணி நேரத்துக்குள் திரும்பி வந்து இறக்கினார்.

விறகை இழுக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் பார்த்திருக்கிறது. 2010 நவம்பர் 4 அன்று 469 பேரோடு சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏர்பஸ் 380-இல், ஓர் ஆயில் குழாயின் தயாரிப்புக் குறையால் உள்ளே தீப்பிடித்து இரண்டாம் எண் எஞ்சினின் சக்கரம் வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையில் ஓடிய மின்கம்பிகளை அறுத்தன. விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. ஆனால் பக்கத்தில் இருந்த ஒன்றாம் எண் எஞ்சினை அணைக்க முடியவில்லை. அதன் எரிபொருளை நிறுத்தும் கட்டளை போய்ச் சேர வழியில்லை. தீயணைப்பு வீரர்கள் சுமார் மூன்று மணி நேரம் தண்ணீரும் நுரையும் அடித்த பிறகுதான் அது நின்றது. எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

மான்செஸ்டரில் 1985 ஆகஸ்ட் 22 அன்று அப்படி நடக்கவில்லை. ஓடுபாதையில் வேகமெடுத்த போயிங் 737-இன் இடது எஞ்சினில் எரிகலன் வெடித்து, அதன் துண்டு இறக்கையில் உள்ள எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. தொட்டியிலிருந்து கொட்டும் எரிபொருளை எந்தக் கைப்பிடியாலும் அடைக்க முடியாது. விமானம் மேலே எழும்பவே இல்லை, தரையிலேயே நின்றது. இருந்தும் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகை. இன்று விமானத் தரையில் வழிகாட்டும் விளக்குகள், எளிதில் பற்றாத இருக்கைகள், இறக்கைமேல் உள்ள வாசலுக்குப் போகத் தாராளமான இடம் ஆகியவை பரவலானதில் அந்த 55 உயிர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

விமானம் ஏறும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியது இதிலிருந்துதான் வருகிறது. குழாயும் குடுவையும் தங்கள் வேலையைச் செய்யும். அவற்றைத் தாண்டித் தீ வந்தால் நம் கையில் இருப்பது வெளியேறும் வேகம் மட்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பணியாளர் சொன்னபடி பைகளை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே, இருக்கையில் உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் அவசர வாசல் எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, ஆனால் கையால் தடவி இருக்கைகளை எண்ணலாம். கிளம்பும்போதும் இறங்கும்போதும் செருப்பைக் கழற்ற வேண்டாம். வாசல் அருகே உட்கார்ந்தால், வெளியே தீ இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள். பணிப்பெண் கையை ஆட்டிப் பாதுகாப்பு விளக்கம் சொல்லும் அந்த இரண்டு நிமிடம் போனை மடியில் வையுங்கள். வெளியேறச் சொன்னால், பாஸ்போர்ட் உள்ள பையானாலும், பேத்திக்கு வாங்கிய வளையல் உள்ள பையானாலும், மேலேயே கிடக்கட்டும். நீங்கள் பையை இழுக்கும் நேரம் உங்கள் பின்னால் நிற்பவருடைய நேரம்.



என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்